பத்திரிகைக்காரர்கள் வெறுத்த ஒரு படத்துக்காக: இதழியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதழியல், காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் செய்தி டெஸ்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாணவர்கள் பலர் பயிற்சிக்கென்று வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பில் என்ன படம் காட்டினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், 1976-இல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. இரண்டு நிருபர்கள் தட்டச்சு இயந்திரமும் தொலைபேசியுமாக உட்கார்ந்து ஒரு ஜனாதிபதியையே ஆட்டம் காண வைக்கிறார்கள். பதினெட்டு வயதில் அதைப் பார்க்கிற யாருக்கும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்றுதான் தோன்றும்.

அதற்கு முன்னால், முதல் பருவத்திலேயே, இன்னொரு படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் 1951-இல் எடுத்த 'ஏஸ் இன் த ஹோல்'. வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை, மக்களுக்கும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் மாணவர்களுக்குப் போட்டால் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். தெரிந்துதான் கேட்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சக் டேட்டம் என்கிற நிருபர். கிர்க் டக்ளஸ் நடித்திருக்கிறார். பதினோரு பத்திரிகைகளிலிருந்து துரத்தப்பட்டவன். கார் பழுதாகி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகெர்க்கி என்ற ஊரில் கரை ஒதுங்குகிறான். அங்கே ஒரு சின்னப் பத்திரிகை. அதன் ஆசிரியர் பெயர் பூட்; இடுப்பில் பெல்ட்டும் போட்டு, தோளில் சஸ்பெண்டரும் மாட்டிக்கொள்கிற அளவுக்கு ஜாக்கிரதையான மனிதர். 'உண்மையைச் சொல்' என்று துணியில் தையல் வேலை செய்து சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு வருடம் அங்கே புழுங்கிக் கிடந்த டேட்டம், கிராமத்தில் நடக்கும் பாம்பு வேட்டையைப் பற்றி எழுதச் சொல்லி அனுப்பப்படுகிறான். வழியில், பழங்குடியினரின் பழைய பானைகளைத் தேடிக் குகைக்குள் போன லியோ மினோசா என்பவன் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது தெரிய வருகிறது.

குகைச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே போனால் ஒரு நாளுக்குள் ஆளை எடுத்துவிடலாம் என்கிறார் மீட்புப் பணிக்கு வந்த ஒப்பந்தக்காரர். ஒரு நாளில் முடிகிற செய்தி டேட்டமுக்கு எதற்கு? மறுதேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஷெரிஃபை, அதாவது அந்த வட்டாரக் காவல் தலைவரை, பிடிக்கிறான். உன்னை வீரனாக்கி எழுதுகிறேன், மற்ற நிருபர்களை நீ குகைப் பக்கம் அண்டவிடாதே என்று பேரம். மலை உச்சியிலிருந்து துளை போட்டு இறங்குவதாக முடிவாகிறது. அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தில் மலையடிவாரத்தில் ஒரு ஊரே முளைக்கிறது. ராட்டினம் வருகிறது. லியோவைப் பற்றிப் பாட்டு எழுதி அச்சடித்து விற்கிறார்கள். சிறப்பு ரயில் வருகிறது. நிற்பதற்குள் ஜனம் குதித்து இறங்கி ஓடுகிறது. உள்ளே படுத்திருக்கும் லியோவுக்கு நிமோனியா வந்துவிடுகிறது. இனி முட்டுக் கொடுத்துப் போகலாம் என்று டேட்டம் மனம் மாறும்போது, மேலே துளை போட்ட அதிர்வில் அந்த வழியும் போய்விட்டது. லியோ சாகிறான்.

தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பிரித்தார்: வெளிப்படையாக வைவது, மறைத்து வைவது. இந்தப் படம் முதல் ரகம். சிரிப்பு வருகிற இடங்கள் உண்டு, ஆனால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

1951-இல் வந்த விமர்சனங்களைப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் பாஸ்லி கிரௌதர், இயக்கத்தைப் பாராட்டிவிட்டு, பத்திரிகைத் தொழிலைத் திரித்துக் காட்டுகிறது என்றார். ஒரே ஒரு நிருபர் இவ்வளவு பெரிய செய்தியைத் தன் கைக்குள் முடக்கி வைத்துக்கொள்ள, மற்ற நிருபர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள் என்பதை நம்பவே முடியாது என்பது அவருடைய வாதம். ஹாலிவுட் ரிப்போர்ட்டர் என்ற சினிமா இதழ் இன்னும் ஒரு படி மேலே போய், ஜனநாயக அரசுக்கும் சுதந்திரப் பத்திரிகைக்கும் விழுந்த தேவையில்லாத அறை என்ற பொருளில் எழுதியது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அதே வருடம் வெனிஸ் திரைப்பட விழாவில் வைல்டருக்குச் சர்வதேசப் பரிசு கொடுத்தார்கள். உள்ளூரில் மட்டும் கொட்டகை காலி.

படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வைல்டரிடம் கேட்காமலேயே படத்தின் பெயரை 'த பிக் கார்னிவல்' என்று மாற்றியது. பெயரில் திருவிழா இருந்தால் கூட்டம் வரும் என்று நினைத்திருப்பார்கள். டேட்டம் அந்த விளம்பரப் பிரிவில் வேலை பார்த்திருந்தால் அவனும் அதைத்தான் செய்திருப்பான்.

நம்ப முடியாத கதை என்று சொன்னவர்களுக்கு என் பதில் ஒரு பெயர்: ஃபிளாய்டு காலின்ஸ். உங்கள் இதழியல் வரலாற்றுப் பாடத்தில் இது இல்லையென்றால் சேர்க்க வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் குகை தேடி அலைந்த மனிதர். சுற்றுலாப் பயணிகளைக் கவரும் ஒரு குகையைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. 1925 ஜனவரி 30 அன்று சாண்ட் கேவ் என்ற குகையின் இடுக்கில் அவர் கால் மேல் ஒரு பாறை விழுந்தது. பெரிய பாறைகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஆனால் கையை மடக்கிக்கூட எடுக்க முடியாத இடுக்கு. லூயிவில் நகரத்தின் கூரியர்-ஜர்னல் பத்திரிகையிலிருந்து ஸ்கீட்ஸ் மில்லர் என்ற ஒல்லியான இளம் நிருபர் வந்தார். உடல் சின்னது என்பதால் அவரால் அந்த இடுக்கில் ஊர்ந்து போக முடிந்தது. மறுபடி மறுபடி உள்ளே போனார், பேட்டி எடுத்தார், உணவு கொடுத்தார், மண்ணைத் தோண்டினார், பாறையை நகர்த்தவும் முயன்றார். அவர் எழுதியது நாடு முழுவதும் முதல் பக்கத்தில் வந்தது. பல்லாயிரம் பேர் குகை வாசலில் கூடினார்கள். தின்பண்டமும் நினைவுப் பொருளும் விற்பனைக்கு வந்தன. நடுவில் குகை வழி இடிந்து அடைபட, பக்கத்தில் குழி வெட்டி இறங்கினார்கள். பிப்ரவரி 16 அன்று போய்ச் சேர்ந்தபோது காலின்ஸ் இறந்திருந்தார். மில்லருக்கு 1926-இல், அமெரிக்க இதழியலில் பெரிதாக மதிக்கப்படும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணிய மாட்டார். காலின்ஸின் உடலைக் கண்ணாடி மூடி போட்ட சவப்பெட்டியில் வைத்து, அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த கிரிஸ்டல் குகையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டினார்கள். 1929-இல் அந்த உடல் திருடப்பட்டது. திரும்பக் கிடைத்தபோது ஒரு காலைக் காணோம். 1989-இல்தான் அந்த மனிதருக்குச் சரியான புதைகுழி கிடைத்தது. வைல்டர் மிகைப்படுத்தினார் என்று இனிமேல் யாராவது சொன்னால், அவர் ரொம்பவே அடக்கி வாசித்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

படத்தில் டேட்டமே காலின்ஸ் கதையைத் தன் இளம் புகைப்படக்காரன் ஹெர்பியிடம் சொல்கிறான். லூயிவில் நிருபர் குகைக்குள் ஊர்ந்து போய்ப் புலிட்சரோடு வெளியே வந்தார் என்று. மில்லர் நல்லவர், உயிரைப் பணயம் வைத்தவர். டேட்டம் அவருடைய கதையிலிருந்து எடுத்துக்கொண்டது பரிசை மட்டும்தான். மில்லரின் நேர்மையான எழுத்துகூட அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் பங்கு வகித்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்க விஷயம் இருக்கிறது.

ஹெர்பிக்கு டேட்டம் எடுக்கும் இன்னொரு பாடம், உங்கள் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சுரங்கத்தில் 84 பேர் சிக்கிக்கொண்டால் அது வாசகனின் மனதில் ஒட்டாது. ஒரே ஒருவன் சிக்கிக்கொண்டால், அவன் யார், மனைவி யார், என்ன சாப்பிடுவான் என்று எல்லாம் தெரிய வேண்டும் என்பான். மனித ஆர்வச் செய்தி என்று இதை நீங்கள் ஒரு உத்தியாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். எங்கள் டெஸ்கிலும் அதைத்தான் சொன்னோம்: "பெயரைப் போடு, முகத்தைப் போடு, அம்மாவிடம் பேசு." தவறான பாடம் என்று சொல்ல வரவில்லை. அந்த உத்தி ஒரு டேட்டம் கையில் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. இந்தப் படம் சொல்கிறது.

ஒரு விஷயத்தை கிரௌதர் கவனித்த மாதிரி தெரியவில்லை. வைல்டர் வெளியிலிருந்து கல்லெறிந்தவர் இல்லை. சினிமாவுக்கு வருவதற்கு முன் வியன்னாவிலும் பெர்லினிலும் நிருபராக இருந்து பிழைத்தவர்.

சரி, மக்களுக்கு ஏன் பிடிக்கவில்லை? பத்திரிகைக்காரனைத் திட்டுகிற படம் என்றால் மக்கள் கைதட்டியிருக்க வேண்டும். அதற்கு எந்த ஊரிலும் எப்போதும் கூட்டம் உண்டு. இங்கே வைல்டர் கைகாட்டுவது வேறு பக்கம். லியோவின் வீட்டு வாசலில் முதலில் அனுமதி இலவசம். அப்புறம் பலகையில் 25 சென்ட். பிறகு 50. பிறகு ஒரு டாலர். அந்தப் பலகையை மாற்றச் சொல்வது டேட்டமாக இருக்கலாம், லியோவின் மனைவி லொரெய்னாக இருக்கலாம். காசு எடுத்து நீட்டுவது யார்? ஃபெடர்பர் என்று ஒரு காப்பீட்டு முகவர் குடும்பத்தோடு வருகிறார். நல்ல மனிதர், பிள்ளைகள் மீது பிரியமுள்ளவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நாங்கள்தான் முதலில் வந்தோம் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை! லியோ இறந்துவிட்டான் என்று டேட்டம் மலை மேலிருந்து அறிவிக்கும்போது ஜனங்கள் உண்மையாகவே அழுகிறார்கள். அழுதுவிட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். அந்த அழுகையைப் பொய் என்று படம் சொல்லவில்லை. அதனால்தான் பார்க்கிறவருக்கு அவ்வளவு எரிச்சல். 1951-இல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக் கொட்டகையில் உட்கார்ந்தவருக்குத் திரையில் தெரிந்தது அவருடைய குடும்பம்.

2010-இல் வந்த 'பீப்ளி லைவ்' என்ற இந்திப் படத்தைச் சில கல்லூரிகளில் காட்டுகிறார்கள். அனுஷா ரிஸ்வி எடுத்தது. சேனல்களின் நேரலை வண்டிகளான ஓபி வேன்கள் ஒரு விவசாயியின் வீட்டைச் சுற்றி முற்றுகையிடும் கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் சிரித்துக்கொண்டே தப்பித்துவிடலாம். டெல்லி தொகுப்பாளர்கள் கோமாளிகள், நாம் அப்படி இல்லை என்று மாணவன் வீட்டுக்குப் போய்விடுவான். வைல்டர் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திரம் பக்கத்தில் ஆழ்துளைக் குழியில் விழுந்த ஐந்து வயதுச் சிறுவன் இரண்டு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டதை இந்தியாவே நேரலையில் பார்த்தது. செய்திச் சேனல்கள் அந்த இரண்டு நாளில் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. 2019 அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29-ஆம் தேதி அதிகாலை வரை நேரலை ஓடியது. நடுவில் தீபாவளி வந்து போனது. குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை; அந்த நாலு நாளில் அது போதும் போதும் என்கிற அளவுக்குத் திரையில் ஓடிவிட்டது.

அங்கே யாரும் மீட்புப் பணியைத் தாமதப்படுத்தவில்லை. பாறை கடினமாக இருந்தது, கருவிகள் திணறின. களத்தில் இருந்த நிருபர்கள் பலர் மனம் உடைந்துதான் பேசினார்கள். அங்கே டேட்டம் இருந்தான் என்று சொன்னால் அது அபாண்டம். ஆனால் டேட்டம் இல்லாமலேயே அவனுடைய கணக்கு வேலை செய்தது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிகாட்டு நெறிகள் கொடுத்திருந்தது. எந்த ஊராட்சியில் எத்தனை மூடப்பட்டன என்று போய் எண்ணிப் பார்ப்பது ஒரு ஸ்ட்ரிங்கரால், அதாவது பகுதிநேர ஊர் நிருபரால், செய்யக்கூடிய வேலை. இடையில் ஒன்பது வருடம் இருந்தது. மூடாத கிணறுகள் 84 பேர் சிக்கிய சுரங்கம் மாதிரி. யார் மனதிலும் ஒட்டாது. ஒரு குழந்தை விழுந்த கிணறு ஒட்டும். சேனல்காரர்கள் மட்டும் பொறுப்பு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ரிமோட் என் கையிலும் இருந்தது, உங்கள் கையிலும் இருந்தது.

படத்தில் குறை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசி அரைமணி நேரம் தடுமாறுகிறது. லொரெய்ன் கத்தரிக்கோலால் குத்திய காயத்தோடு டேட்டம் மலை ஏறி, இறங்கி, கார் ஏறி ஆல்புகெர்க்கி வரை போவது மெலோடிராமாதான். தப்பு செய்தவன் தண்டனை பெற்றாக வேண்டும் என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதியின் நிழல் அதன் மேல் விழுந்திருக்கிறது. ஊழல் ஷெரிஃபைக் காட்டுவதற்கே தணிக்கை அலுவலகம் ஆட்சேபித்து, அவன் பின்னால் பதில் சொல்லியாக வேண்டும் என்று வசனம் சேர்க்க வைத்தது. நிஜத்தில் டேட்டம்கள் கத்திக்குத்து பட்டுச் சாவதில்லை. பதவி உயர்வு பெறுகிறார்கள். லொரெய்னுக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் செய்திருக்கலாம். நியூ மெக்சிகோவின் பழங்குடி மக்கள் படத்தில் கிட்டத்தட்ட அலங்காரப் பொருள்கள்தான். அவர்களுடைய மலை, அவர்களுடைய பானைகள், ஆனால் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதையெல்லாம் மாணவர்கள் சொல்லட்டும். தங்கள் குறையைச் சொல்ல இடம் கொடுக்கிற படங்கள்தான் வகுப்புக்கு ஏற்றவை.

'எல்லோருமே கெட்டவர்கள், பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை' என்ற புகாரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பூட் இருக்கிறார். முட்டுக் கொடுத்தால் போதும் என்று உண்மையைச் சொன்ன ஒப்பந்தக்காரர் இருக்கிறார். பயந்து பின்வாங்கினாலும் முதலில் சொன்னது அவர்தான். எதையும் சந்தேகிக்கத் தெரியாத லியோவின் அப்பாவும், மெழுகுவத்தி ஏற்றிப் பிரார்த்திக்கிற அம்மாவும் இருக்கிறார்கள். நல்லவர்களுக்குப் படத்தில் பஞ்சமில்லை. அவர்களுடைய நல்ல குணம் அந்த வாரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது மனச்சோர்வு தரும் என்று உங்களில் சிலர் தயங்கலாம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், விபத்தில் மகனை இழந்த அம்மா கேமரா முன் பேசுகிற பைட் இல்லாமல் திரும்பி வராதே என்று தொலைபேசியில் கத்துகிறவரிடம் அவர்கள் பேச வேண்டியிருக்கும். அப்போது முதல்முறையாகச் சோர்ந்து போவதைவிட வகுப்பில் சோர்ந்து போவது பரவாயில்லை.

நடைமுறை விஷயங்கள். படம் 111 நிமிடம். இரண்டு வகுப்பு நேரத்தில் அடங்கிவிடும். 2007-இல் கிரைட்டீரியன் நிறுவனம் நல்ல பிரதியாக வெளியிட்டது, ஆங்கில சப்டைட்டிலோடு. 2017-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே துறைத் தலைவரிடம் அனுமதி கேட்கும்போது காட்ட ஒரு சான்றிதழும் இருக்கிறது. ஒப்பந்தக்காரரையும் ஷெரிஃபையும் வைத்துக்கொண்டு டேட்டம் எந்த வழியில் தோண்டுவது என்று முடிவு செய்கிற காட்சியோடு முதல் நாள் நிறுத்துங்கள். 'நீ அந்த அறையில் ஹெர்பி இடத்தில் இருந்தால் எந்த நிமிடம் எழுந்து வெளியே போயிருப்பாய்?' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மீதியை மறுநாள் போடுங்கள். பதில் தாள்களைத் திருத்த வேண்டாம். இரண்டு வருடம் கழித்து, பயிற்சிக்கு அனுப்புகிற வாரத்தில் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

காட்ட முடியாது என்று முடிவெடுத்தால், என்ன காரணம் என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை ஆசிரியர் ஒருவர்